அது எங்க நாய் இல்ல

நாய் கடித்த செய்தி பரவியதும் ஊரில் முதலில் காணாமல் போகிறவர் அந்த நாயின் சொந்தக்காரர்தான். நேற்றுவரை 'மணி' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், ராத்திரி மீந்த சோற்றில் மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்து வைத்தவர், ஆட்டுப்பட்டிக்கும் மோட்டார் கொட்டகைக்கும் அதையே காவலாக நம்பித் தூங்கியவர். கடிபட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெற்றவர்கள் வாசலில் வந்து நின்றதும், "அது எங்க நாய் இல்லப்பா. தெருவுல சுத்துது, பாவம்னு சோறு போடறோம், அவ்வளவுதான்" என்பார்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கும் பெருமுக்கலில் மட்டும் கேட்கிற பதில் அல்ல இது. ஆனால் பெருமுக்கல் மாதிரியான ஊரில்தான் இந்தப் பதில் எவ்வளவு ஆபத்தானது என்பது நன்றாகப் புரியும். மலைமேல் சிவன் கோயில், சுற்றிலும் வயலும் கல்குவாரிகளும், கிழக்கே போனால் கழுவெளிச் சதுப்பு நிலம், அதையும் தாண்டினால் மரக்காணத்து உப்பளங்கள். இந்த வட்டாரத்தில் வேலை விடியுமுன்னே தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடிக்க வேண்டியவர்கள் இருட்டிலேயே கிளம்புகிறார்கள். பால் கறந்து கொண்டுபோய் ஊற்றுகிறவர்கள், குவாரிக்குப் போகிறவர்கள், முதல் பேருந்தைப் பிடிக்கிறவர்கள் என்று எல்லோரும் அந்த நேரத்தில்தான் தெருவில் நடக்கிறார்கள். ராத்திரிக் காவல் முடியாத நாய்களும் அந்த நேரத்தில்தான் தெருவில் நிற்கின்றன. இரு சக்கர வண்டியைத் துரத்திக்கொண்டு நாய் ஓடிவர, ஓட்டுகிறவர் காலைத் தூக்கிக்கொண்டே வண்டியை முறுக்கிச் சரளைக் கல்லில் சறுக்கி விழுவார். பல்லே படாமல் கை உடைகிற இந்தக் கதை எந்த நாய்க்கடிக் கணக்கிலும் சேர்வதில்லை.

நகரத்தில் நாய் பற்றிய விவாதம் இரண்டே கட்சியாக நடக்கிறது. தெருநாய் ஒரு பக்கம், வளர்ப்பு நாய் இன்னொரு பக்கம். கிராமத்து நாய் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதற்குப் பெயர் உண்டு, சோறு போடும் வீடு உண்டு, படுக்கத் திண்ணை உண்டு. ஆனால் கழுத்துப் பட்டை இல்லை, சங்கிலி இல்லை, தடுப்பூசி இல்லை. காவல் காக்கும்வரை அது வீட்டு நாய், கடித்துவிட்டால் தெருநாய். இந்த இரட்டைக் கணக்கை ஊர் முழுக்கச் சேர்ந்து ஒப்புக்கொண்டிருப்பதுதான் சிக்கலின் வேர். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்து வருபவை.

தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. அதே ஆண்டில் ரேபிஸ் நோயால் இறந்தவர்கள் 43 பேர். முந்தைய ஆண்டில் இது 18. நாடு முழுவதும் 2024-இல் பதிவான நாய்க்கடிகள் 37 லட்சத்துக்கும் மேல். பதிவேட்டுக்கு வராத கடிகளையும் சேர்த்துப் பார்க்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 15 மாநிலங்களில் வீடு வீடாக ஒரு ஆய்வு நடத்தியது. ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் விலங்குக் கடிகள், அவற்றில் நான்கில் மூன்று பங்கு நாய்க்கடி, ரேபிஸ் மரணங்கள் சுமார் 5,726 என்று அதன் மதிப்பீடு சொல்கிறது. கடிபட்டவர்களில் ஐந்தில் ஒருவர் ஒரு ஊசிகூடப் போட்டுக்கொள்ளவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. இத்தனைக்கும் அரசு மருத்துவமனைகளில் அந்த ஊசி இலவசம்.

ஏன் போட்டுக்கொள்ளவில்லை? "சின்னக் கீறல்தானே", "குட்டி நாய்தானே", "தெரிஞ்ச வீட்டு நாய்தானே" என்பவைதான் வழக்கமாக வரும் காரணங்கள். உத்தரப் பிரதேசத்தின் புலந்த்சஹர் மாவட்டத்தில் ஒரு இளம் கபடி வீரர் சாக்கடையில் விழுந்த நாய்க்குட்டியைக் காப்பாற்றினார். அது விரலில் லேசாகக் கடித்தது. விளையாட்டில் பட்ட அடி என்று நினைத்து விட்டுவிட்டார். 2025 ஜூன் மாதம் ரேபிஸ் வந்து இறந்துபோனார். ஒரு உயிரைக் காப்பாற்றப் போன நல்ல மனிதருக்கு நேர்ந்த முடிவு அது. குட்டி என்பதாலோ, தெரிந்த நாய் என்பதாலோ வைரஸ் விலகிப் போவதில்லை.

அந்த வைரஸ் நாயின் எச்சிலில் இருக்கிறது. கடிவாயில் சதைக்குள் நுழைந்து, நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் நோய் வெளிப்படும். சில வாரங்களிலும் வரலாம், ஓராண்டு கழித்தும் வரலாம். தலை, முகம், கழுத்துப் பகுதியில் கடித்தால் வைரஸுக்குப் பயணத் தூரம் குறைவு. உயரம் குறைந்த சிறு பிள்ளைகளைத்தான் நாய் அந்த இடங்களில் கடிக்கிறது. கடிபட்ட இடத்தில் ஊறல், காய்ச்சல், தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும் பயம் என்று அறிகுறி தொடங்கிவிட்டால் பிறகு மருத்துவத்தால் ஏறக்குறைய எதுவுமே செய்ய முடியாது. ஆனால் அறிகுறி தோன்றும் முன் கிடைக்கிற இடைவெளியில் இந்த நோயை அடியோடு தடுத்துவிடலாம்.

அந்தத் தடுப்பு ஆஸ்பத்திரியில் தொடங்குவதில்லை, வீட்டுக் குழாயடியில் தொடங்குகிறது. ஓடுகிற தண்ணீரில், சோப்புப் போட்டு, 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். குளியல் சோப்போ, துணிக்குப் போடுகிற சோப்போ, எது கைக்குக் கிடைத்தாலும் சரி. பதினைந்து நிமிடம் என்பது கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். அழுகிற குழந்தையை மடியில் பிடித்துவைத்துக்கொண்டு நின்றால்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரியும். மோட்டார் ஓடுகிற பம்புசெட் பக்கத்தில் இருந்தால் அதற்கடியில் காலை நீட்டிவிடலாம். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள், மஞ்சள், பச்சிலை எதுவும் வேண்டாம். கழுவாமல் அப்பிய சுண்ணாம்போடு வருகிறவரின் காயத்தை முதலில் அதைச் சுரண்டி எடுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. மந்திரிக்கப் போய் ஒரு பகல் கழிந்துவிட்டால் அந்தப் பகல் திரும்பக் கிடைக்காது.

பிறகு திண்டிவனமோ மரக்காணமோ, பக்கத்தில் இருக்கிற அரசு மருத்துவமனை. முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று நான்கு தவணை, கையில் தோலுக்குள் போடும் ஊசி. ரத்தம் வரும்படி ஆழமாகக் கடித்திருந்தால் காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் செலுத்த வேண்டும். தடுப்பூசி வேலை செய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை வைரஸை அந்த இடத்திலேயே மடக்கிப்பிடிக்கும் மருந்து இது. கடிவாயைக் கூடியமட்டும் உடனே தைக்கக் கூடாது. மூன்றாவது ஊசியோடு "சரியாயிடுச்சு" என்று நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். காயம் ஆறியதற்கும் வைரஸ் போனதற்கும் சம்பந்தமே இல்லை.

ஊசி என்றதும் ஊர்ப்பக்கம் பெரியவர்கள் இன்னமும் தொப்புளைச் சுற்றிப் போடும் 14 ஊசியைத்தான் நினைக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு, அதில் நம் நீலகிரிக்கும் பங்கு உண்டு. 1885 ஜூலையில் பாரிஸில் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்கு முதல் ரேபிஸ் தடுப்பூசியைப் போட்டுக் காப்பாற்றினார். இந்தியாவில் இந்தச் சிகிச்சைக்கான முதல் நிலையம் 1900-இல் இமயமலைப் பக்கம் கசௌலியில் வந்தது. தென்னிந்தியாவில் வெறிநாய் கடித்தால் அங்கே போய்ச் சேர்வதற்குள் நாள்கள் ஓடிவிடும். 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் அப்படித்தான் சிகிச்சை எட்டாமல் இறந்தார். அதன் பிறகு எழுந்த முயற்சியில், அமெரிக்கரான ஹென்றி ஃபிப்ஸ் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்த நன்கொடையின் ஒரு பங்கைக் கொண்டு குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. 1907-இல் அது திறக்கப்பட்டது. செம்மறியாட்டு மூளைத் திசுவிலிருந்து செய்த பழைய தடுப்பூசிதான் வயிற்றில் நாள்தோறும் போடப்பட்டது. வலியும் அதிகம், சிலருக்குப் பக்கவாதம்வரை போகும் பக்கவிளைவும் உண்டு. அந்த ஊசியை 2004-இன் முடிவோடு இந்தியா கைவிட்டுவிட்டது. அந்தக் காலத்து ஊசியை நினைத்துக்கொண்டு இன்றைக்கு ஒரு தாத்தா பேரனின் கடியை மறைத்தால் அதைவிடக் கொடுமை வேறில்லை.

இனி நாயின் சொந்தக்காரருக்கு வருவோம். கடித்த பிறகு அவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி காசு கொடுப்பது அல்ல, நாயைக் காட்டுவது. ரேபிஸ் பிடித்த நாயின் எச்சிலில் வைரஸ் வரத் தொடங்கிவிட்டால், அடுத்த சில நாள்களில் அந்த நாய் நோயில் விழுந்து செத்துவிடும். அதனால்தான் கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கச் சொல்கிறார்கள். பத்து நாள் கழிந்தும் அது வழக்கம்போலத் தின்று, குரைத்து, வாலாட்டிக்கொண்டிருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஊசியைப் பத்து நாள் தள்ளிப்போட இது அனுமதி அல்ல. ஊசி அன்றைக்கே தொடங்க வேண்டும். ஆனால் மீதித் தவணைகளைப் பற்றி மருத்துவர் முடிவு செய்யவும், பெற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கவும் அந்தப் பத்து நாள் விவரம் வேண்டும். "எங்க நாய் இல்ல" என்று சொல்லிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக நாயைப் பக்கத்து ஊர் எல்லையில் விட்டுவருகிறவரும், கோபத்தில் அதை அடித்துக் கொன்று புதைக்கிறவர்களும் அழிப்பது அந்த விவரத்தைத்தான். ஒருவேளை அந்த நாய்க்கு நோயிருந்தால், விட்டுவந்த இடத்திலும் அது கடிக்கும்.

நோய் வந்த நாயை அடையாளம் காண்பதும் வளர்க்கிறவருக்குத்தான் எளிது. குரல் மாறும், காரணமில்லாமல் கண்டதைக் கடிக்கும், இருட்டு மூலையில் போய்ப் படுக்கும் அல்லது நிற்காமல் அலையும், தாடை தொங்கி எச்சில் வழியும், சோறு வைத்தவரையே தெரியாது. தினமும் சோறு வைக்கிறவருக்குத்தான் அந்த மாற்றம் முதலில் கண்ணில் படும். உடனே பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு அவர் சொல்லிவிட்டால் தெருவே தப்பிக்கும்.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி, தன் கைவசம் இருக்கும் விலங்கால் மனிதருக்கு ஆபத்து நேராமல் போதிய ஏற்பாடு செய்யாமல் அலட்சியமாக இருந்தால் ஆறு மாதம்வரை சிறையோ, 5,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். சட்டம் கைவசம் இருப்பதைத்தான் பார்க்கிறது. விலைகொடுத்து வாங்கியதற்கு ரசீது இருந்தால்தான் பொறுப்பு என்று அது சொல்லவில்லை. சோறு போட்டு, பெயர் வைத்து, தோட்டத்துக்குக் காவல் வைத்தவர்கள் இதை நன்றாக யோசித்துப் பார்க்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை மூன்றும் வளர்ப்பவரின் பொறுப்பு என்கின்றன.

சென்னையில் நடந்த இரண்டு சம்பவங்கள் இந்தச் சட்டத்தை மாநிலம் முழுக்கப் பேசவைத்தன. 2024 மே 5-ஆம் தேதி இரவு நுங்கம்பாக்கம் மாடல் ஸ்கூல் சாலையில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில், காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வீலர் நாய்கள் குதறின. கட்டாமல், வாய்க்கூடு போடாமல் உள்ளே வந்த நாய்கள். குழந்தையின் தலைத்தோல் கிழிந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. நாயின் சொந்தக்காரர் கைது செய்யப்பட்டார். 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பக்கத்து வீட்டுப் பிட்புல் கடித்து 55 வயதுக்காரர் ஒருவர் இறந்தார். அந்த நாயைப் பிடிக்கப் பாடுபட்ட சொந்தக்காரப் பெண்மணிக்கும் கடிதான் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கண்டிப்பாக்கி, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. உரிமக் கட்டணம் அப்போது வெறும் 50 ரூபாய். ஐம்பது ரூபாய்க் காகிதத்துக்கு ஒரு உயிர் போகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது வருத்தமான விஷயம்.

இந்தச் சம்பவங்களுக்குப் பின் பேச்செல்லாம் நாயின் இனத்தைப் பற்றியே திரும்பிவிட்டது. 2024 மார்ச்சில் மத்திய கால்நடைத் துறை 23 இனங்களைத் தடை செய்யும்படி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. நுங்கம்பாக்கம் சம்பவத்தை அடுத்துத் தமிழ்நாட்டிலும் ஒரு தடை அறிவிக்கப்பட்டு உடனே திரும்பப் பெறப்பட்டது. வலுவான தாடையுள்ள நாயை நெருக்கமான குடியிருப்பில் வளர்ப்பதற்குக் கட்டுப்பாடு தேவைதான். ஆனால் பெருமுக்கல் பக்கம் பால்காரரைத் துரத்துவது பிட்புல் அல்ல, நாட்டு நாய். கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்துப் பண்ணை வீட்டில் கேட்டைத் திறந்ததும் பாய்ந்து வருவதும் பெரும்பாலும் கலப்பு நாய்தான். எந்த இனமானாலும் அவிழ்த்துவிட்டவரின் கைதான் முதலில் கேள்வி கேட்கப்பட வேண்டிய கை.

கட்டிப்போடு என்றால் பகலும் இரவும் ஒரு முழச் சங்கிலியில் கட்டிப்போடுவது என்று புரிந்துகொள்கிறவர்களும் இருக்கிறார்கள். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் அதையும் குற்றம் என்கிறது. மிகக் குறுகிய சங்கிலியில் நியாயமில்லாத நேரம் கட்டிவைப்பதும், எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை உலவவிடாமல் இருப்பதும் அதன் 11-ஆம் பிரிவில் வருகின்றன. வெயிலில் தகரக் கொட்டகைக் காலில் கட்டி, தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்துகிடந்தும் கவனிக்காமல் விடப்பட்ட நாய், கயிறு அறுந்த அன்றைக்கு யாரையாவது கடிக்கத்தான் செய்யும். காலையும் மாலையும் கையில் பிடித்து நடத்திக் கூட்டிப்போய் வருவதும், மற்ற நேரம் வேலிக்குள் அவிழ்த்துவிடுவதும்தான் வழி.

அதே பிரிவு, வளர்த்த விலங்கைக் கைவிடுவதையும் குற்றம் என்கிறது. கிராமங்களில் குட்டி போட்டதும் கடுவன் குட்டிகளை ஆளுக்கொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மிஞ்சிய பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் போட்டுக்கொண்டுபோய் ஏரிக்கரையிலோ சந்தை ஓரத்திலோ விட்டுவருவது வழக்கமாகிப்போனது. பிழைத்த குட்டிகள் கறிக்கடைக் கழிவைத் தின்று வளர்ந்து, ஓராண்டுக்குள் தாங்களும் குட்டி போடுகின்றன. இன்றைய தெருநாய்க் கூட்டத்தின் பாட்டி எங்கோ ஒரு வீட்டில் பெயர் வைத்து வளர்க்கப்பட்ட நாயாகத்தான் இருக்கும். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் பட்டியில் கிடந்த ஆடுகளை நாய்கள் கூட்டமாகக் கடித்துக் கொன்று, விவசாயிகள் செத்த ஆடுகளோடு போராட்டத்துக்கு வந்ததை நாம் செய்தியில் பார்த்தோம். ஆடு வளர்க்கிற எந்த ஊருக்கும் அது நாளைக்கு நடக்கலாம்.

தெருநாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றமும் 2025-இல் அடுத்தடுத்து ஆணையிட்டது. ஆகஸ்ட் 22-இல், கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிபிடித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக் கூடாது என்றது. நவம்பர் 7-இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து அகற்ற வேண்டும் என்றது. இதையெல்லாம் உள்ளாட்சிகள்தான் செய்ய வேண்டும். ஆனால் கருத்தடை மையங்கள் பெரும்பாலும் மாநகரங்களோடு நின்றுவிட்டன. ஒரு ஊராட்சி தனியாக மையம் நடத்துவது கடினம். ஒன்றியத்துக்கு ஒன்று என்றாவது அரசு அமைத்துத் தர வேண்டும். அதை மரக்காணம் ஒன்றியத்து மக்கள் கிராம சபையில் தீர்மானமாகப் போட்டுக் கேட்கலாம்.

செய்ய முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன. இலங்கையில் 1973-இல் ரேபிஸால் இறந்தவர்கள் 377 பேர். நாய்களுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டு, கடிபட்டவர்களுக்கு இலவசச் சிகிச்சையும் கொடுத்து அண்மை ஆண்டுகளில் அந்த எண்ணிக்கையைச் சுமார் இருபது, முப்பதுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கோவாவில் நாய்களில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் ஆண்டுதோறும் ஊசி போடுவதைக் குறியாக வைத்துத் தெருத்தெருவாகப் போனார்கள். 2021-இல் அது ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலமாக அறிவிக்கப்பட்டது. கோவா நாயைக் கொன்று குவித்து இதைச் சாதிக்கவில்லை. ஊரில் பத்து நாய் இருந்தால் ஏழுக்காவது ஊசி போட்டால் போதும், வைரஸுக்குப் பரவ வழியில்லாமல் போகும். பெருமுக்கல் போன்ற ஊரில் பத்தில் பல நாய்களுக்குச் சோறு போடும் வீடு உண்டு. பிடிக்க வலை வேண்டாம், வண்டி வேண்டாம். சோறு போடுகிற கை கழுத்தைப் பிடித்தால் அது நின்று ஊசியை வாங்கிக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் மாநகரத்தைவிடக் கிராமத்துக்கு வேலை சுலபம்.

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. ஆகும் செலவு வெளியில் போட்டாலும் சில நூறு ரூபாய்தான். செப்டம்பர் 28, உலக ரேபிஸ் நாள், பாஸ்டர் இறந்த தேதி. அன்றைக்குக் கால்நடைத் துறை பல ஊர்களில் இலவச முகாம் நடத்துகிறது. அதற்காக ஒரு ஆண்டு காத்திருக்கவும் தேவையில்லை, கால்நடை மருந்தகத்தில் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். போட்ட தேதியை ஒரு அட்டையில் எழுதி வாங்கி ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள். மின்கணக்கு எடுக்க வருகிறவர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், தபால்காரர், கிராம சுகாதாரச் செவிலியர் எல்லோரும் உங்கள் வாசலுக்கு வேலையாக வருகிறவர்கள். அவர்கள் வருகிற நேரத்தில் நாயைக் கட்டுங்கள்.

அத்தனையும் செய்தும் ஒருநாள் உங்கள் நாய் யாரையாவது கடித்துவிட்டால், கதவைச் சாத்தாதீர்கள். காயத்தைக் கழுவத் தண்ணீர் ஊற்றுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள், ஊசி அட்டையை மருத்துவரிடம் காட்டுங்கள், பத்து நாளும் நாயைக் கட்டிவைத்து அது எப்படி இருக்கிறது என்று அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.